சேற்று நாய்க்கு ஒரு மலிவு காடி

பழைய காடி, அதாவது கார், பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். நாயை ஏற்றிக்கொண்டு போவதற்காக வாங்குகிறவர் பின்கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும், தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், வெட்கப்படாமல் குனிந்து மோந்தும் பார்க்க வேண்டும். எஞ்சின் போனால் பழைய வண்டிச் சாமான் விற்கும் பொட்டோங் கடையில் வேறு எஞ்சின் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். தரை உளுத்துப்போன வண்டிக்கு வெல்டிங் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதற்கு முடிவே கிடையாது.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறி வருஷக்கணக்காகியும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது 1917ல், இந்தப் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரம் முழுக்கச் செம்பனைதான். நாங்கள் இப்போது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறோம், ஆனால் அப்பாவின் ஆட்டுக் கொட்டகையும் கொஞ்சம் காய்கறியும் தோட்டத்தை ஒட்டி உள்ளே இருக்கிறது. தினமும் சாயந்திரம் அங்கே போக வேண்டும், எங்கள் நாய் டைகரும் வர வேண்டும். குட்டியாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் கூடைக்குள் உட்கார்ந்து வந்தவன் இப்போது கூடையைவிட மூன்று மடங்கு இருக்கிறான், அதனால்தான் இந்தக் காடி விவகாரமே.

சேறு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில் வகை இருக்கிறது. தோட்டத்து மண்பாதையில் இருப்பது செம்மண். துணியில் ஒட்டினால் கறை போகாது, ஆனால் காய்ந்தால் உதிர்ந்துவிடும், பிரஷ் போட்டால் வந்துவிடும். இரண்டாவது, பாரிட்டில் (வடிகாலில்) இருக்கும் கறுப்புச் சேறு, பிசின் மாதிரி ஒட்டும், நாற்றமும் உண்டு. மூன்றாவதுதான் மோசம். மில்லில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் காலிக் குலைகளை உரத்துக்காக மரத்தடியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அது மழையில் ஊறி அழுகிக் கிடக்கும்போது டைகருக்குச் சொர்க்கம், முதுகைக் கீழே போட்டு நாலு காலையும் ஆகாயத்தில் உதைத்துப் புரண்டுவிட்டுத்தான் எழுந்திருப்பான். அந்த வாடையைத் துணி சீட் உள்ள காடியில் ஏற்றினால் தீபாவளி வரைக்கும் இருக்கும்.

கையில் இருந்த காசு ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்). இந்த விலைக்குக் கிடைக்கும் காடிகளுக்கு பேங்க் லோன் கொடுக்காது, ரொக்கம்தான். 15 வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு முழுக் காப்புறுதி வாங்குவதும் பெரும்பாடு, பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். நாய் ஏற்றும் காடிக்கு அது போதும் என்பது என் கருத்து. கீறல் விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடக்கூடிய காடியாக இருந்தால்தான் நாயும் நிம்மதியாக இருக்கும், நாமும் நிம்மதியாக இருப்போம்.

பார்த்த வண்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். பெரோடுவா கான்சில் 1994லிருந்து 2009 வரை வந்த சின்னக் காடி, தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான், பாசம் உண்டு. ஆனால் 25 கிலோ நாய் பின்சீட்டில் திரும்பி உட்காரவே இடமில்லை. வேண்டாம். அதே பெரோடுவாவின் கெனாரி பரவாயில்லை. கூரை உயரம், பின்சீட்டை மடக்கினால் நாய் எழுந்து நிற்கலாம், 1000 சிசிக்குக் கீழே என்பதால் ரோட் டெக்ஸ் வருஷத்துக்கு 20 வெள்ளிதான். டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர், நாய் சின்னது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கெனாரி வாங்கலாம். எனக்கு அதில் பிடிக்காதது தரை. கார்ப்பெட் ஒட்டிய தரை, அதற்கடியில் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு. தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் அந்தப் பஞ்சு குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது, அதற்குக் கீழே தகரம் சத்தமில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

பெரோடுவாவின் ஜீப் மாதிரி வண்டியான கெம்பாராவைப் பார்த்ததும் என் தம்பி குதித்தான், நாலு சக்கரமும் இழுக்கும், சேற்றுக்கு இதுதான் என்று. உண்மைதான், சேற்றில் போவதற்கு நல்ல வண்டி. ஆனால் நமக்குச் சேற்றில் போவது பெரிய பிரச்சினை இல்லை, சேறு வண்டிக்குள் வருவதுதான் பிரச்சினை. கெம்பாராவின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்பேர் டயரும் அதிலேயே தொங்குகிறது. ஒட்டி நிறுத்திய இடத்தில் கதவு முழுசாகத் திறக்காது. மழை பெய்யும்போது மேலே ஒரு மறைப்பும் இருக்காது. மேலே தூக்கித் திறக்கும் கதவென்றால் அதன் அடியில் நின்றுகொண்டு நாயைத் துடைத்து ஏற்றலாம். அக்டோபர், நவம்பரில் சாயந்திரம் நாலு மணியானால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நாலு சக்கர இழுவைக்குப் பெட்ரோலும் கூடவே குடிக்கும், வயசான கெம்பாராவில் அந்த இழுவைச் சாமான்களின் சத்தமும் சேர்ந்துவிடும்.

புரோட்டோன் அரேனா எனக்கு ரொம்ப நாள் ஆசை. வீரா காடியின் முன்பாதியோடு பின்னால் ஒரு தொட்டி, 2002ல் வந்தது, ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்றார்கள். ஹோஸ் பைப் அடித்துக் கழுவலாம், முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் பின்னால் பாரம் இல்லாவிட்டாலும் வழுக்குவது குறைவு. ஆனால் திறந்த தொட்டியில் நாயை எப்படி விடுவது? வழியில் ஒரு மாடு நின்றால் போதும், டைகர் குதித்துவிடுவான். கழுத்தில் கயிறு போட்டுக் கட்டினாலோ அது இன்னும் ஆபத்து, குதித்துத் தொங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் நின்ற தொட்டியின் தகரத்தில் கையை வைத்துப் பாருங்கள், அதில் நாயின் பாதத்தை வைக்கச் சொல்லலாமா? கூரை போட வேண்டும், கம்பி வேலி போட வேண்டும், அதற்கு ஆகிற செலவில் வேறு வண்டியே வாங்கலாம்.

ஹைலக்ஸ் மாதிரி டீசல் பிக்கப் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. என் விலைக்குக் கிடைப்பதெல்லாம் தோட்டத்தில் உழைத்து உழைத்து எலும்பு தெரிகிற வண்டிகள். போதாததற்கு 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15லிருந்து ஒரே நாளில் 3.35 வெள்ளி ஆகிவிட்டது. அரசாங்கம் அப்போது தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அறிவித்தது, சரி, ஆனால் ஒரு நாய்க்காக யானையைக் கட்டித் தீனி போட முடியாது.

கடைசியில் வாங்கியது நிசான் வனெட், அந்தப் பழைய சி22 மாடல். பள்ளிக்கூட வேனாகவும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வேனாகவும் எல்லாருக்கும் தெரிந்த அதே டப்பா முகம். ஏன் அதை வாங்கினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்களெல்லாம் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள்.

பின்பக்கம் சீட்டுகளைக் கழற்றிவிட்டால் தட்டையான தரை. நான் வாங்கியதில் கார்ப்பெட்டே இல்லை, பழைய முதலாளி திக்கார் கெத்தா என்ற ரப்பர் விரிப்பு விரித்திருந்தார், அதைச் சுருட்டியதும் நேராகத் தகரம். நடுவில் துரு இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, விற்கிறவர் மறைக்க வழியே இல்லை. இடது பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு, அதில் ஒரு படி, நாய் அதில் கால் வைத்து ஏறிவிடும், தூக்க வேண்டாம். சேறு பூசிய நாயை ஒருமுறை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கியவர்களுக்கு அந்தப் படியின் அருமை தெரியும். பின்கதவு மேலே திறக்கும். ஜன்னல் இருக்கிற வேனாகப் பார்த்து வாங்கினேன். பின்னால் கண்ணாடி இல்லாத சரக்கு வேன் இன்னும் மலிவு, ஆனால் உள்ளே அடுப்புதான். நாய்க்கு வேர்வை நம்மைப் போல வராது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும், காற்று ஓடாத டப்பாவுக்குள் அது முடியாது.

குறை இல்லாமலா? எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, தூரம் ஓட்டினால் உட்காரும் இடம் சுடும். பின்சக்கரம் இழுக்கிற வண்டி, பின்னால் பாரம் இல்லாதபோது ஈரச் செம்மண் ஏற்றத்தில் டயர் சும்மா சுற்றும். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார், ஆட்டுத்தீவன மூட்டை இரண்டைப் பின்சக்கரத்துக்கு நேர் மேலே போட்டுவைத்துவிடுவது. இப்போது டைகர் அதன் மேல்தான் படுத்துக்கொள்கிறான், தீவனத்தை பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மோதினால் முன்னால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, நம் முழங்காலுக்கு அந்தப் பக்கம் ரோடுதான். ஹைவேயில் கோலாலம்பூருக்கு ஓட்டுகிற வண்டி இல்லை இது. தோட்டம், டவுன், மிஞ்சினால் கோல சிலாங்கூர், அவ்வளவுதான்.

வாங்கும்போது எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரை அழைத்துப்போனேன். தலைமுறையாக லோரி எஞ்சின் பார்க்கிறவர்கள். போனதும் அவர் சொன்னது: "தம்பி, எஞ்சினை நான் பார்த்துக்கிறேன். ஏ15 எஞ்சின், பெல்ட் இல்ல, செயின்தான், இதைக் கொல்றதுக்கு ஆள் வேணும். நீங்க கீழ படுத்து அடிய பாருங்க." நான் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப்போட்டுப் படுத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகரம் டிங் என்று கேட்கும். உளுத்ததும், உளுத்ததை புட்டி போட்டு மூடியதும் டொப் என்று கேட்கும். சக்கர வளைவின் உள்பக்கம், கதவுப் படிக்குக் கீழே, பின்கதவின் கீழ் விளிம்பு, இந்த மூன்று இடத்தில்தான் பெரும்பாலும் டொப். தரையில் அங்கங்கே ரப்பர் மூடிகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கான ஓட்டைகள் அவை. அந்த மூடியைச் சுற்றிப் பூத்த மாதிரித் துரு இருந்தால் மேலே ஈரம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். கார்ப்பெட் உள்ள காடி பார்க்கிறவர்கள் கதவோரத்து பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். விற்கிறவர் முகம் மாறினால் பரவாயில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய காடி என்ற பயமும் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் எத்தனையோ காடி முங்கியது, அதில் கழுவித் துடைத்து மறுபடி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், எப்போதும் உள்ளே சுருண்டே இருக்கும் அந்தக் கடைசி அடியை யாரும் கழுவ மாட்டார்கள், அங்கே சேற்றுக்கோடு இருந்தால் வண்டி மூழ்கியது. சீட் ஓடும் தண்டவாளத்தின் துருவும் பொய் சொல்லாது. ஏசி போட்டவுடன் வரும் முதல் மூச்சு வாடையைக் கவனியுங்கள். நான் பார்த்த ஒரு காடியில் பெல்ட் முழுக்கப் பழுப்புக்கறை. "நாய் வளர்த்தேன் அண்ணே" என்றார் விற்க வந்த பையன். நாய் பெல்ட் போட்டுக்கொண்டா வந்தது?

ஏசி பற்றி இன்னொன்று. மலிவு வண்டி, ஜன்னலைத் திறந்துகொள்ளலாம் என்று ஏசி வேலை செய்யாத வண்டியை எடுத்துவிடாதீர்கள். நனைந்த நாய் மூடிய வண்டிக்குள் மூச்சிரைத்தால் கண்ணாடி முழுக்கப் பனி பிடித்துவிடும், வெளியே மழை, ஜன்னலையும் திறக்க முடியாது, எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வருகிறது. அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சி எடுப்பது ஏசிதான்.

காகித வேலை பெரிதில்லை, ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் கிராண்டை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, கையில் வாங்கிப் படியுங்கள். வேன் என்றால் சொந்த உபயோகத்துக்கா, சரக்கு ஏற்றவா, பள்ளி வண்டியாகவா, எதற்காகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வியாபார வண்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, பெர்மிட் என்று இழுத்துக்கொண்டே போகும். சமன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கிறதா, வண்டியின் மேல் தடை இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பெயர் மாற்றும் நேரத்தில் தெரிந்தால் பலனில்லை. பெயர் மாற்றத்துக்கு முன் பி5 என்ற வண்டிச் சோதனை, அதில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். சேற்று வண்டிகளில் சேசிஸ் நம்பர் துருவில் அழிந்திருக்கும் வாய்ப்பு உண்டு, அதையும் படுத்துக்கொண்டு பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள்.

டவுனில் பழைய காடி விற்கும் சீனத் தௌகேயிடம் (முதலாளியிடம்) எதற்கு வண்டி என்று சொன்னதும் "அஞ்சிங்கா?" (நாயா?) என்று கேட்டார், அப்புறம் முன்வரிசையில் பளபளவென்று நின்ற காடிகளைக் காட்டவே இல்லை, நேராகப் பின்னால் கூட்டிப்போனார். அவரிடம் வாங்கவில்லை என்றாலும் நல்ல மனுஷன்.

இன்னொரு விஷயத்தை நம்மவர்கள் பலர் யோசிப்பதே இல்லை. இங்கே முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். சமாக் என்பார்கள். நாய் ஏறுகிற வண்டியைக் கார் வாஷ் கடைக்கோ பட்டறைக்கோ கொண்டுபோனால் வேலை செய்கிற பிள்ளைகள் மலாய்க்காரர்களாக இருக்கலாம், தெரியாமல் சீட்டில் கை வைத்துவிட்டுப் பிறகு சங்கடப்படுவார்கள். வண்டியை நிறுத்தும்போதே "இதில் நாய் ஏறும்" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபப்பட்டதில்லை. சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் கையுறை போட்டுக்கொண்டு செய்வார்கள். பிறகு விற்கும்போதும் சொல்லித்தான் விற்க வேண்டும், அதனால் விலை குறையும் என்றாலும் அதுதான் முறை. நாய்க்கென்று வாங்கும் வண்டி மலிவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே நான் செய்த வேலை கொஞ்சம்தான். ஹார்ட்வேர் கடையில் தடித்த திக்கார் கெத்தா வாங்கி, தரையைவிட நாலு பக்கமும் ஒரு சாண் அதிகமாக வெட்டி, ஓரத்தைச் சுவரோரம் மேலே மடித்து விட்டேன், சேற்றுத் தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். ஒட்டக் கூடாது, ஒட்டினால் அடியில் போன ஈரம் வெளியே வராது. வாரம் ஒருமுறை மொத்தமாக இழுத்து வெளியே போட்டு பிரஷ் போட்டுத் தேய்த்து வேலியில் காயப்போடுகிறேன், அந்த நேரம் வண்டித் தரையும் காய்கிறது. அதன் மேல் பழைய சாக்கு ஒன்று, இல்லாவிட்டால் திருப்பத்தில் நாய் வழுக்கிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகும். ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னால் கம்பி வலை ஒன்று வெல்டிங் கடையில் அடித்து மாட்டினேன். டைகர் பின்னாலிருந்து தோளில் மூக்கை வைத்தால் பாசமாகத்தான் இருக்கும், பிரேக் அடித்தால் அவன் கண்ணாடியில்தான் போய் முட்டுவான்.

ஹோஸ் பைப்பை உள்ளே விட ஆசை வரும், விடாதீர்கள். வனெட்டிலேயே நான் வாளித் தண்ணீரும் துணியும்தான். புதுக் காடிகளில் வயர்கள் கதவோரத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன, ஏர்பேக் சாக்கெட்டுகள் சீட்டுக்குக் கீழே இருக்கும், அங்கே தண்ணீர் போனால் செலவு கையைக் கடிக்கும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டம் என்றால் எலி, எலியைப் பிடிக்கத்தான் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். எலி மூத்திரம் கலந்த ஈரச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி உயிரோடு இருக்கும், கையில் ஒரு கீறல் இருந்தால் உள்ளே போய்விடும். நாய்க்கு அதற்கான ஊசி இருக்கிறது, வருஷாவருஷம் போட வேண்டும். நமக்குக் கையுறையும் சோப்பும்தான்.

கடைசியாக, மேலே தூக்கித் திறக்கும் கதவைப் புகழ்ந்தேன் அல்லவா, அதைத் தாங்கிப் பிடிக்கும் டேம்பர் இரண்டும் பழைய வேன்களில் எப்போதோ செத்திருக்கும். முந்தைய முதலாளி ஒரு துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார், வண்டியோடு அதையும் இலவசமாகத் தருவார். நாய் உள்ளே ஏறும்போது வாலால் அந்தக் கட்டையைத் தட்டிவிட்டால் கதவு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஜோடி டேம்பர் வாங்கி மாட்டிவிடுங்கள். பட்டறைக்குப் போகவே வேண்டாம், ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டால் இன்னொருவர் வீட்டிலேயே மாட்டிவிடலாம்.